தண்ணிப் போத்தல் ஏன் அப்பிடியே திரும்பி வருது: கல்லடி நேசரி பெற்றார் குழு

வியாழக்கிழமை

யது அம்மா, இரவு 8.14
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுறன் கோவிக்காம வாசிங்க. யதுவுக்கு ரெண்டு கிழமையா அடிவயிறு நோகுதெண்டு அழுகை, நேத்து டொக்டரிட்ட கொண்டு போன நான், யூரின் டெஸ்ட்ல கிருமி. டொக்டர் முதல்ல கேட்டது புள்ளை நேசரியில எத்தின தரம் ஒண்டுக்குப் போறா எண்டுதான், எனக்குப் பதில் தெரியல்ல. காலையில நான் நிரப்பிக் குடுக்கிற போத்தல் பன்னண்டு மணிக்கு நிரம்பினபடியே வருது, நான் அதை செவ்வரத்தைக்கு ஊத்திட்டு அடுத்த நாளும் நிரப்புறன், ஒரு நாளும் ஏனெண்டு கேக்கல்ல. இண்டைக்கு மடியில வெச்சு மெல்லமா கேட்டா சொல்றா, தண்ணி குடிச்சா ஒண்டுக்கு வரும், அங்க இருட்டு, வழுக்கும், நான் போகமாட்டன் எண்டு. நாலு வயசுப் புள்ளை தானே யோசிச்சு தண்ணிய நிப்பாட்டிரிக்கி

கிஷோ அம்மா, 8.19
ஐயோ என்னகா இது. எங்கட போத்தலும் அப்பிடித்தான் வருது, நான் தாகமில்லாக்கும் எண்டு விட்ட நான்

லக்சி அம்மம்மா, 8.25
மனே புள்ளைக்கு இப்ப எப்பிடி. காய்ச்சல் விட்டாலும் மருந்த இடையில நிப்பாட்டிப் போடாதீங்க, தந்ததெல்லாம் குடுத்து முடிங்க

அனு அப்பா, 8.31
இதுக்குத்தான் டவுன் பக்கம் பெரிய நேசரியா பாத்து மாத்துவம் எண்டு அண்டைக்கே சொன்ன நான். அங்க ஏசி, கம்ப்யூட்டர், இங்கிலிஷ்ல கதைக்கிறாங்க, புள்ளையள் வசனம் எழுதுது. இஞ்ச சுவத்தில சேட்டிபிகட் மட்டும்தான் தொங்குது

யது அம்மா, 8.40
அண்ணே சேட்டிபிகட் வேணும், மாகாண பாலர் பாடசாலைப் பணியகத்தில பதியாத இடத்துக்கு நான் புள்ளைய அனுப்ப மாட்டன். ஆனா அதிகாரி வந்து பாத்துட்டுப் போற நாளில எல்லாம் கழுவித்தான் இரிக்கும், மத்த நாளெல்லாம் ஆர் பாக்கிற? ஏசி ரூமுக்குள்ளயும் போத்தல் நிரம்பி வரலாம் தானே. நான் ஆரையும் குத்தம் சொல்ல எழுதல்ல, டீச்சரும் இந்தக் குழுவில இரிக்கிறா, அவ என்ன சொல்றா எண்டு கேப்பம்

டீச்சர், 9.22
யது அம்மா, வாசிச்சதும் மனசு விட்டுப் போச்சு. டொய்லட் பல்ப் போய் ஒரு மாசம், நான் கமிட்டிக்குச் சொல்லாம விட்டது என்ட பிழை. 34 புள்ளையள், நாங்க ரெண்டு பேர். ஒராள் ஒரு புள்ளையக் கூட்டிட்டுப் போனா மத்தவ 33 பேரோடயும் கேட்டையும் பாக்கணும், அதால இன்டெவலுக்கு வரிசையாக் கூட்டிப் போறம், அந்த நேரம் வராத புள்ளை பிறகு கேக்கப் பயந்து இருந்திரும். இன்னொண்டையும் சொல்லணும். உங்கள்ல கனபேர் கேட்டுக்கு வந்தா கேக்கிறது இண்டைக்கு எத்தின பக்கம் எழுதின எண்டுதான், நாங்களும் கொப்பிய நிரப்புறதிலயே நிக்கிறம். மூண்டு நாலு வயசில மணிக்கட்டு எலும்பே இன்னும் முத்தல்ல, விரலுக்குப் பலம் வாறது களி உருட்டி, மண் அள்ளி, பாசி கோத்து, கடதாசி கிழிச்சு ஒட்டித்தான். நான் டீச்சர் கோஸ் படிக்கக்குள்ள ஒரு மணித்தியாலம் ஒரே ஒரு புள்ளைய மட்டும் பாத்து எழுதிட்டு வாங்க எண்டு விட்டாங்க. நான் மூலையில இருந்த ஒரு அமைதியான பொடியனைப் பாத்த நான். அவன் குழப்படி இல்ல, அழுகை இல்ல, அதால அந்த மணித்தியாலத்துக்குள்ள ஒருத்தரும் அவனோட ஒரு சொல்லுக் கதைக்கல்ல. அது இப்பவும் என்ட கண்ணுக்குள்ள நிக்கி

கிஷோ அம்மா, 9.30
டீச்சர் நானும் பக்கக் கணக்குத்தான் கேட்ட நான். இனிக் கேக்க மாட்டன். கிழமைக்கு ஒரு அம்மா வந்து ஒரு மணித்தியாலம் பின்னால இருந்து அப்பிடிப் பாத்து எழுதினா உங்களுக்குக் கரைச்சலா?

டீச்சர், 9.34
கரைச்சல் இல்ல, வாங்க. ஆனா டொய்லட்டுக்குக் கூட்டிப் போறது நாங்க மட்டும்தான், வேற பெற்றார் போகக் கூடா. புள்ளைய வீட்ட கூட்டிட்டுப் போற ஆள் மாறினா முதலே எனக்குச் சொல்லணும், புள்ளை மாமா எண்டு கூப்பிட்டாலும் நான் விடமாட்டன். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைட 1929 நம்பரையும் வாசல்ல பெரிசா எழுதி ஒட்டுவம்

கிஷோ அப்பா, 9.41
சனிக்கிழமை நான் வாறன். டைல்ஸ் வேணா, அது வழுக்கும், சீமெந்து கரடாப் போட்டு விடுறன், ஒரு கைபிடி, ஒரு படி, கை கழுவுற பைப்ப புள்ளைட இடுப்புக்கு இறக்குவம். பல்ப்பும் நான் கொண்டு வாறன். கூலி வேணா, சாமானுக்கு மட்டும் பாருங்க. மண் சலிக்க ரெண்டு பேர் வந்தாக் காணும்

அனு அப்பா, 9.50
சாமான் காசு நான் போடுறன். யது அம்மா கோவிக்காதீங்க, இப்பதான் அனுட போத்தலத் திறந்து பாத்த நான், முக்கால்வாசி அப்பிடியே கிடக்கு

லக்சி அம்மம்மா, 9.53
சனிக்கிழமை எல்லாருக்கும் கௌப்பி அவிச்சுக் கொண்டு வாறன்

திங்கட்கிழமை

டீச்சர், பகல் 12.35
இண்டைக்கு வந்தது 31 பேர், 26 போத்தல் வெறும். ஒம்பதரைக்கும் பதினொண்டுக்கும் எல்லாரும் ஒண்டாக் குடிக்கிறம், நானும் அவங்களோட குடிக்கிறன். மிச்ச அஞ்சு பேர்ட அம்மாமாருக்கும் தனிய எடுத்துச் சொன்ன நான், அதில ரெண்டு போத்தல்ட மூடி புள்ளைக்குத் திறக்க ஏலா, மாத்திக் குடுங்க. யது கதவைச் சாத்தாம போனா, சாத்தாட்டிப் பரவால்ல எண்டு நான் வெளிய நிண்ட நான்

யது அம்மா, 12.41
வந்ததும் வராததுமா போத்தலக் கவுத்துக் காட்டுறா டீச்சர். எனக்கு அழுகை வந்திட்டு

கிஷோ அப்பா, 1.05
மேல தண்ணி டாங்க்ட மூடி வெடிச்சுக் கிடக்கு, சனிக்கிழமை ஏறினவுடன கண்ட நான். மழை துடங்க முதல் மாத்தணும், உள்ளுக்குள்ள நுளம்புக் குடம்பி நெளியுது. ஏணி ஆரிட்ட இரிக்கி?