ரோடு போட்ட ராத்திரிகள்: 61 மூடியில் ஒன்று எங்கே?

சைட் இன்சார்ஜ்:

தென் மாவட்டத்து நகரம் ஒன்றில் 3.2 கிலோமீட்டர் பஸ் ரூட்டை மில்லிங் பண்ணி, அதாவது பழைய தாரை மெஷினால் சுரண்டி எடுத்து, மறுபடி தார் போட்ட வேலை. மெயின் கான்ட்ராக்டர் பக்கம் எல்லாரையும் கோத்துக்கொடுக்கும் ஆளாக நான் இருந்தேன். ரோட்டு வேலை என்றால் தாரும் ஜல்லியும்தான் என்று நினைத்துப் போனவன், நாலு மாசத்தில் பாதி நேரம் போனிலேயே நின்றேன். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

மில்லிங் ஏன் என்று வெளியாட்கள் கேட்பார்கள். பழைய ரோட்டுக்கு மேலேயே போட்டுக்கொண்டு போனால் ரோடு உயர்ந்து வீடெல்லாம் பள்ளத்தில் போய்விடும். 2021-ல் அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று எல்லாத் துறைக்கும் அறிவுறுத்தினார். நியாயமான உத்தரவு. ஆனால் வேலையில் ஒரு கண்ணி கூடிவிட்டது. மில்லிங் டிரம்மின் பல் பாதாளச் சாக்கடை மூடியில் பட்டால் உடைந்துவிடும். அதனால் மில்லிங்குக்கு முன்னால் மூடியைக் கழற்றி, அதன் கீழே இருக்கும் சேம்பர் என்கிற தொட்டியைத் தாழ்த்தி, இரும்புத் தகடு போட்டு மூடணும். தார் போட்ட பிறகு தோண்டி எடுத்து, புது மட்டத்துக்கு உயர்த்தணும். இரண்டு தடவையும் பைப் கான்ட்ராக்டர் ஆள் வரணும்.

சிக்கலே அங்கேதான். பைப் கான்ட்ராக்டருக்கு ஒப்பந்தம் வேறொரு துறையோடு. கேபிள்காரருக்கு இன்னொரு இடத்தோடு. இவர்கள் யாருக்கும் நான் உத்தரவு போட முடியாது, கெஞ்சத்தான் முடியும். தாமதமானால் மட்டும் என்னைக் கேட்பார்கள்.

மறக்க முடியாத ராத்திரி ஒன்று. பாதி அகலம், அதாவது 3.5 மீட்டர், 40 மில்லிமீட்டர் கனம். 1 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 335 டன் கலவை, 20 டன் டிப்பரில் 17 லோடு. கலவை தயாராகும் பிளான்ட் 38 கிலோமீட்டர் தள்ளி. பத்து மணிக்கு டிராஃபிக்கைத் திருப்பிவிட்டு, கூட்டிப் பெருக்கி, புதுக் கலவை ஒட்டுவதற்கான தார் எமல்ஷன் அடித்து, அது பழுப்பிலிருந்து கறுப்பாக மாறும் வரை காத்திருந்தோம். நாலு டிப்பர் வழியில். 11.40-க்கு ஜேசிபி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. கேபிள் கேங். ரோடு வெட்ட அவர்கள் வாங்கிய அனுமதி அன்று ராத்திரியோடு முடிகிறது. “நாளைக்கு வெட்டினா புது ரோட்டை வெட்டணும், பரவாயில்லையா சார்?” என்றார் மேஸ்திரி. அவர் சொன்னதில் தப்பே இல்லை.

குழி வெட்டி, பைப் போட்டு, மூடி இறுக்கி முடிக்க மூன்று மணி நேரம். முதல் இரண்டு டிப்பரை வேறு பக்கம் திருப்பிக் கொட்டிவிட்டோம். மற்ற இரண்டில் தெர்மாமீட்டர் வைத்தால் ஒன்றில் 128 டிகிரி, இன்னொன்றில் 121. விஜி-30 என்கிற ரகத் தாருக்கு விரிக்கும்போது 140-க்குக் கீழே போகக்கூடாது. திருப்பி அனுப்பினோம். இரண்டு லோடு, 40 டன். அந்தக் காசு யார் கணக்கில் என்று இரண்டு மாசம் லெட்டர் ஓடியது.

தப்பு எங்கே என்று பிறகு யோசித்தேன். வேலை அட்டவணையை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தேன். 34 பேர். கேபிள் பக்கத்து அதிகாரி கட்டைவிரல் தூக்கியிருந்தார். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டவன் நான். அவர் பார்த்தார், அவ்வளவுதான். மேஸ்திரிக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு குரூப்பை நம்புவதை விட்டேன். தினம் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சைட் பக்கத்து டீக்கடையில் மேஸ்திரிகள், ஜேசிபி டிரைவர், கலவையை விரிக்கும் பேவர் மெஷின் ஆபரேட்டர் இவர்களை மட்டும் கூட்டினேன். என்ஜினியர்கள் வேண்டாம். கையில் சாக்பீஸ், தரையில் ரோட்டுப் படம். பத்து நிமிஷம். டீச்செலவு மொத்தமாக ஒரு லோடு தார் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வந்திருக்காது.

இன்னொன்று. வேலை முடிந்து எண்ணினால் லிஸ்ட்டில் 61 மூடி, உயர்த்தியது 60. ஒன்று ரோட்டுக்கு அடியில் எங்கேயோ இருக்கிறது.

---

பிளான்ட்காரன்:

தலைவரே, அந்தத் திருப்பி அனுப்பின லோடு மாதிரி நூறு பார்த்திருக்கேன். எங்க பக்கத்தையும் கேளுங்க. பிளான்டை நிறுத்தி நிறுத்தி ஓட்ட முடியாது. ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் முதல்ல வர்ற கலவை சூடு சரியா இருக்காது, கழிச்சுத்தான் கட்டணும். அதனால சைட்ல இருந்து “அனுப்பு”ன்னு சொன்னா நாங்க தொடர்ச்சியா ஏழெட்டு லோடு ஓட்டிடுவோம். அங்க எல்லாம் ஒண்ணா வந்து குமியும். அப்புறம் ரெண்டு மணி நேரம் ஒண்ணுமே வராது, பேவர் நின்னுடும். பேவர் நின்ன இடத்துல கலவை ஆறிப்போய் ஒரு மேடு விழும். ரோடு போட்டு ஆறு மாசம் கழிச்சு பஸ்ல போறவன் ‘டொக்’னு குதிக்கிறானே, அங்கதான் எங்க லோடு லேட்டாச்சுன்னு அர்த்தம்!

மழை கதை இன்னும் மோசம். பிளான்ட்ல வெயில் கொளுத்தும், சைட்ல கொட்டும். இப்ப நான் டிப்பர் கிளம்பும் முன்னாடி சைட்ல இருக்கிற பையனுக்கு வீடியோ கால் போட்டு, வானத்தைக் காட்டச் சொல்லிட்டுத்தான் கேட்டைத் திறக்கிறேன். ‘மழை இல்ல’ன்னு வாயால சொன்னா நம்ப மாட்டேன்.

---

பைப் வேலை, 22 வருஷம்:

இன்சார்ஜ் சார், கோபம் இல்லாமல் ஒரு விஷயம். மூடிக்கு நாங்கள் இரண்டு தடவை வருகிறோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் எஸ்டிமேட்டில் பல இடத்தில் அது ஒரே தடவைதான். முதல் தடவை ஆள் கூலி, தகடு, இறக்கிற கூலி எல்லாம் கைக்காசு. அதனால்தான் நீங்கள் போன் பண்ணும்போது எங்கள் சூப்பர்வைசர் “வந்துட்டே இருக்கோம் சார்” என்கிறார். அடுத்த வேலையில் டெண்டர் போடும்போதே ‘தாழ்த்த ஒன்று, உயர்த்த ஒன்று’ என்று தனித்தனி ஐட்டமாகப் போடச் சொல்லுங்கள். பிறகு எங்கள் ஆள் உங்களுக்கு முன்னால் வந்து நிற்பான்.

தொலைந்த மூடிக்கு வருவோம். நாங்கள் தகடு போட்டு மூடும் முன்னால் ஒவ்வொரு சேம்பருக்கும் இரண்டு நிலையான இடத்திலிருந்து டேப் பிடித்து அளந்துவிடுவோம். கரன்ட் கம்பத்திலிருந்து இவ்வளவு, காம்பவுண்டு மூலையிலிருந்து இவ்வளவு. நோட்டில் எழுதினால் நோட்டு தொலையும், அதனால் பக்கத்துச் சுவரிலேயே மஞ்சள் பெயின்டில் எழுதிவிடுவோம். இரண்டு அளவும் சந்திக்கிற இடத்தில் ரோட்டைத் துளைக்கும் கோர் கட்டர் வைத்தால் மூடி கிடைக்கும். உங்கள் லிஸ்ட்டில் விட்டுப்போன எண் எது, அந்த இடத்துச் சுவரைப் பாருங்கள். கட்டாயம் இருக்கும்.

---

சைட் இன்சார்ஜ்:

அண்ணே, இது எனக்கு யாரும் சொல்லவே இல்லை! டெண்டர் விஷயத்தை இன்றைக்கே மேலே எழுதுகிறேன். விட்டுப்போனது 37-ம் எண். பழைய ரேஷன் கடைக்கும் வளைவுக்கும் நடுவில். அந்தப் பக்கம் முழுக்க நடந்து பார்த்தேன், கம்பத்தில் ‘5.6’ என்று மஞ்சளில் இருக்கிறது. இன்னொரு அளவைத்தான் காணோம். ஒரே அளவை வைத்து வட்டம்தான் போட முடியும், ரோட்டை வட்டமாகத் தோண்ட விடமாட்டார்கள்.

---

அந்தத் தெருக்காரன்:

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். நான் அந்த வளைவுலதான் குடியிருக்கேன். ரோடு போட்டப்போ எங்க காம்பவுண்டு மூலையில மஞ்சள்ல ஏதோ நம்பர் எழுதியிருந்தாங்க. எந்தக் கட்சிக்காரன் சுவரைப் பிடிச்சு வச்சிருக்கானோன்னு நினைச்சேன். 4-ல ஆரம்பிக்கும், புள்ளிக்கு அப்புறம் என்னன்னு ஞாபகம் இல்லை.

தீபாவளிக்கு வெள்ளையடிச்சுட்டேங்க.