ஒரு தடவ அரிசி வாங்குனவங்க திரும்ப வரமாட்டேங்குறாங்க, என்ன பண்றது?

மன்னை_அரிசிக்காரன்:
அண்ணன்மாரே அக்காமாரே, நமக்கு மன்னார்குடி பக்கம். சொந்த வயல்ல வெளையுற தூயமல்லி, கருப்பு கவுனி, மாப்பிள்ளை சம்பான்னு மூணு பாரம்பரிய நெல்லையும் அரிசியா அரைச்சு பாக்கெட் போட்டு வாட்ஸ்அப் ஆர்டர்லயே சென்னை பெங்களூருக்கு அனுப்புறேன். புது ஆளுங்க வர்றாங்க, ரெண்டாவது ஆர்டர்தான் வரமாட்டேங்குது. லோகோ போட்டாச்சு, இன்ஸ்டாவுல காசு கட்டி விளம்பரமும் பண்ணியாச்சு, பொங்கல் தீபாவளின்னா எல்லாருக்கும் வாழ்த்து படம் அனுப்பிடுறேன். பர்சனல் டச் வேணும்னு ஆளாளுக்கு சொல்றாங்க, அப்படின்னா நெசமா என்னதான் செய்யணும்?

குடந்தை_பாத்திரக்கடை:
தம்பி, மொதல்ல அந்த வாழ்த்து படத்த நிறுத்துங்க. எல்லா கடைக்காரனும் அதையேதான் அனுப்புறான், யாரு பாக்குறா. அதுவும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்ல, அதான் எல்லாருக்கும் மொத்தமா ஒரே மெசேஜ் அனுப்புறதுல, போட்டா உங்க நம்பர சேவ் பண்ணி வச்சிருக்கவங்களுக்கு மட்டும்தான் போய்ச்சேரும். எங்க கடையில அப்பா காலத்துலேர்ந்து ஒரு நீள நோட்டு இருக்கு, யார் வீட்டு கல்யாணத்துக்கு என்ன சீர் எடுத்தாங்க, பாத்திரத்துல என்ன பேர் வெட்டுனோம், எல்லாம் அதுல இருக்கும். ரெண்டாவது பொண்ணு கல்யாணத்துக்கு வந்து நிக்கறப்ப "மூத்ததுக்கு மூணடி நாச்சியார்கோயில் விளக்கு எடுத்தீங்களேம்மா, அதே அளவு எடுத்து வைக்கவா"ன்னு கேட்டா அவங்க வேற கடை ஏறுவாங்களா சொல்லுங்க. நீங்களும் எழுதி வைங்க, கஞ்சிக்கு வாங்குறாங்களா, இட்லிக்கா, சாப்பாட்டுக்கான்னு.

திருத்துறைப்பூண்டி_பொண்ணு:
நான் வாங்குற பக்கத்துலேர்ந்து சொல்றேன், இப்ப இருக்கறது சென்னையில. ஒருத்தர்ட்ட மாப்பிள்ளை சம்பா வாங்கி பொன்னி வைக்கிற மாதிரியே குக்கர்ல வச்சேன், வேகாம அரிசி அரிசியா கெடந்துச்சு, புள்ளைங்க தொடல. ராத்திரியே ஊறப்போடணும்னு அந்த ஆள் ஒரு வார்த்த சொல்லல, அதோட அவர்கிட்ட வாங்குறத விட்டுட்டேன். பார்சல் கைக்கு வந்த அன்னிக்கு "அக்கா, கவுனிய ராத்திரியே ஊறவச்சு அந்த தண்ணியிலயே வேகவைங்க"ன்னு உங்க சொந்த கொரல்ல ஒரு வாய்ஸ் நோட் போதும் தம்பி. அப்புறம் வண்டு. மருந்து வைக்காத அரிசின்னா வண்டு வரத்தான் செய்யும், அத பார்சல் அனுப்பறப்பவே சொல்லிடுங்க, வெயில்ல கொட்டுனா அரிசி நொறுங்கும், நெழல்ல பரப்பி பொடச்சுக்குங்கன்னு. வண்டு வந்து நாங்க கேட்டப்புறம் சொன்னா அது சமாளிப்பு மாதிரிதான் தெரியும்.

மாயவரத்தான்:
நல்ல யோசனதான், ஆனா அளவோட. போன் பண்ணாலே எரிச்சல் ஆகுறவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு மெசேஜ் மட்டும் போதும். "அம்மாவுக்கு சுகர் எப்படி இருக்கு"ன்னு ஆரம்பிச்சு அரிசி விக்காதீங்க, பயந்துருவாங்க. கவுனி சாப்ட்டா சுகர் போயிரும்னு எழுதவே எழுதாதீங்க. எடை சரியா இருக்கணும், அரைச்ச தேதியும் உணவு பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) குடுக்குற 14 இலக்க நம்பரும் பாக்கெட்ல இருக்கணும், இது இல்லாம எவ்வளவு பாசமா பேசியும் பிரயோஜனம் இல்ல.

மன்னை_அரிசிக்காரன்:
ரொம்ப நன்றி, வாய்ஸ் நோட் இன்னிக்கே ஆரம்பிச்சிடுறேன். இன்னொரு சந்தேகம், தை அறுப்பு நெல்லு இப்ப புதுசா இருக்கு, சோறு கொழையுதுன்னு சொல்லுவாங்களே அதுக்கு என்ன பதில் சொல்றது?

குடந்தை_பாத்திரக்கடை:
புது அரிசி கொழையாம என்ன பண்ணும்! பொங்கலுக்கும் கஞ்சிக்கும் அதான் ருசின்னு சொல்லியே குடுங்க. சாப்பாட்டுக்கு கேட்டா இப்ப விக்காதீங்க, ஆடி வரைக்கும் பொறுங்க நெல்லு பழசானதும் அரைச்சு அனுப்புறேன்னு சொல்லிட்டு, ஆடி பொறந்ததும் நீங்களா மெசேஜ் போடுங்க.