வீடு கட்டப்போகும் இடத்தில் தொல்லியல் ஆட்கள் தோண்டுகிறார்கள், சாவி கைக்கு வருமா?

வயல்வெளி:
இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷைரில் புதிதாக வரப்போகும் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். போய்ப் பார்த்தால் ஒரு செங்கல்லைக்கூடக் காணோம். ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஏழெட்டுப் பேர் முட்டி போட்டு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். வயல் முழுக்க நீளநீளமாகக் குழிகள். ஏதாவது கிடைத்துவிட்டால் வீடு அம்போதானா? இதற்கெல்லாம் யார் பணம் கொடுக்கிறார்கள்?

கரணை:
நானும் இந்த வேலையில்தான் இருக்கிறேன், வேறு கவுண்டியில். பெரும்பாலும் வீடு அம்போ ஆகாது, பயப்படாதீர்கள். பணம் கட்டுமான நிறுவனத்துடையது. 1989இல் லண்டனில் அலுவலகக் கட்டடம் எழும்ப வேண்டிய இடத்தில் ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டு பெரிய ரகளையானது. 1990இல் அரசு வழிகாட்டுதல் வந்தது. அதன்பின் கட்டுகிறவர் செலவிலேயே ஆய்வு என்பது வழக்கமாகிவிட்டது.

நீங்கள் பார்த்தவை சோதனைக் குழிகள். அதற்கு முன்பே பழைய வரைபடங்களைப் புரட்டி, மண்ணின் காந்த மாற்றத்தை வைத்து அடியில் புதைந்ததைக் காட்டும் மேக்னெட்டோமீட்டரைத் தூக்கிக்கொண்டு வயலை நடந்து அளந்திருப்பார்கள். ஏதாவது தட்டுப்பட்ட இடத்தில் மட்டும் மேல்மண்ணைப் பரவலாக வழித்தெடுப்போம். இயந்திரத்தில் பல்லில்லாத பக்கெட்தான் மாட்டுவோம். பல் இருந்தால் அடிமண்ணில் கீறல் விழுந்து எது பழைய குழி என்றே தெரியாது. பக்கத்தில் எங்கள் ஆள் நின்று, மண்ணின் நிறம் மாறியதும் கையைத் தூக்குவார்.

அப்புறம்தான் முட்டி போடும் வேலை. வெளிர் களிமண்ணில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிகிறது என்று வையுங்கள், கம்பம் நட்ட குழியோ குப்பைக்குழியோ. குறுக்கே நூல் கட்டி முதலில் ஒரு பாதியை மட்டும் எடுப்போம். மீதிப் பாதியின் வெட்டுமுகத்தில் எந்த மண்மேல் எந்த மண் விழுந்தது என்பது தெரியும். அதை 1:10 அளவில் வரைந்து, அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுத்து, ஜிபிஎஸ் புள்ளி குறிப்போம். குழிக்கு ஓர் எண், உள்ளே இருக்கும் ஒவ்வொரு மண்ணுக்கும் தனி எண், எண்ணுக்கொரு படிவம். தாசில்தார் ஆபீஸ் தோற்றுவிடும். பானை ஓடு கிடைத்தால் அந்த எண் எழுதிய பையில்தான் போடுவோம். எண் தப்பினால் அது எந்தக் காலத்துக் குழியையும் சொல்லாது. கறுப்பு மண்ணை வாளிக்கணக்கில் தண்ணீரில் அலசி, மிதக்கும் கருகிய கோதுமை, பார்லி மணிகளைப் பொறுக்குவோம். தங்கக் காசைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

எலும்புக்கூடு வந்தால் நீதி அமைச்சகத்தின் உரிமம் வேண்டும், 1857ஆம் ஆண்டு அடக்கச் சட்டப்படி. அங்கே கொஞ்சம் இழுக்கும். உங்கள் பக்கத்து கேம்போர்ன் ஊரையே பாருங்கள். வீடுகள் வருவதற்கு முன் தோண்டியதில் இரும்புக்கால, ரோமானியர் காலப் பண்ணைகள் கிடைத்தன. இன்று அங்கே ஓர் ஊரே குடியிருக்கிறது.

மதுரைக்காரி:
கீழடியில் சதுரம் சதுரமாக, நடுவே வரப்பு விட்டுத் தோண்டியதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் மொத்தமாக வழித்தெடுத்தால் மண்ணடுக்கு போய்விடாதா?

கரணை:
நல்ல கேள்வி அக்கா. அந்தச் சதுர முறையை இந்தியாவில் பரப்பியவர் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், 1945இல் அரிக்கமேட்டில் தோண்டினாரே, அவர்தான். அடுக்கடுக்காக ஆழம் போகும் மேட்டுக்கு அது பொருத்தம். இங்கே பல நூற்றாண்டு உழவு மேலடுக்குகளை ஏற்கெனவே தின்றுவிட்டது. அடிமண்ணில் வெட்டிய குழியும் வாய்க்காலும்தான் மிச்சம். பத்துப் பன்னிரண்டு மீட்டர் அகல வட்டவீட்டின் தடம் வரப்புகளுக்கு அடியில் துண்டுதுண்டாகக் கிடந்தால் அது வீடென்று எப்படித் தெரியும்? அதனால்தான் அகலமாகத் திறக்கிறோம்.

வயல்வெளி:
சரி, தேதியைப் பற்றி யாரிடம் கேட்பது?

கரணை:
விற்பனை அலுவலகத்தை விடுங்கள். கவுன்சில் இணையதளத்தில் அந்த மனையின் அனுமதி எண்ணைத் தேடினால், தொல்லியல் நிபந்தனை என்று ஒன்று இருக்கும். களவேலைப் பகுதி நிறைவேறியது என்று கவுன்சில் ஒப்புக்கொண்ட கடிதம் அங்கே ஏறிவிட்டதா என்று பாருங்கள். பெரிய மனையென்றால் பகுதி பகுதியாகவே விடுவிப்பார்கள், உங்கள் வீடு எந்தப் பகுதியில் வருகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அறிக்கை எழுதி முடிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம், அதற்காக வீடு காத்திருக்காது.