சர்க்கரை நோயாளி, கால் வீக்கம், லிரினெக் 5: இங்கேயே வைக்கலாமா?

அம்பை ட்யூட்டி டாக்டர்:
வயது 58. வயலில் முள் குத்தி 3 நாள். கணுக்காலில்தான் சிவப்பு, வலி முழங்கால் வரை. கொப்புளம் இல்லை. வெள்ளையணு 16,200, ஹீமோகுளோபின் 12.1, சோடியம் 132, கிரியேட்டினின் 1.2, சர்க்கரை 340, சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் புரதம்) 16. லிரினெக் (சதை அழுகும் தொற்றா என்று ரத்தப் பரிசோதனையை வைத்துக் கணிக்கும் ஸ்கோர், 6 தொட்டால் சந்தேகம்) கூட்டினால் 1+1+2+0+1+0 = 5. செல்லுலைட்டிஸ் (தோலோடு நிற்கும் தொற்று) என்று இங்கேயே வைத்துப் பார்க்கலாமா, ஐகிரவுண்டுக்கு (பாளை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) அனுப்பணுமா?

வள்ளியூர் லேப் டெக்னீசியன்:
டாக்டர், சி.ஆர்.பி. யூனிட்டைப் பாருங்க. ஸ்கோர் கேட்கிறது லிட்டருக்கு மில்லிகிராம். 150 தொட்டால் 4 புள்ளி. சில மெஷின் டெசிலிட்டரில் தரும். அப்படின்னா உங்க 16 என்பது 160, ஸ்கோர் 9. சர்க்கரை 340 இருக்கும்போது சோடியமும் இறங்கித்தான் தெரியும். திருத்தினால் 136 பக்கம் வரும். அந்த 2-ஐக் கழித்தாலும் 7.

பாளை சர்ஜன்:
தம்பி, 5-ஆகவே இருந்தாலும் அனுப்பத்தான் வேணும். சிவப்பைத் தாண்டி வலி ஓடுதுன்னா அதுவே பெரிய அறிகுறி. சதை அழுகும் (நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ்) கேஸ்களில் கணிசமானவை 6-க்குக் கீழேயே நிற்கும். கூடின ஸ்கோர் சந்தேகத்தை வலுப்படுத்தும், குறைஞ்ச ஸ்கோர் யாரையும் விடுவிக்காது. சந்தேகம் தீர ஒரே வழி கீறிப் பார்ப்பது: 2 செ.மீ. கீறல், ஃபேசியா (தசையை மூடிய உறை) வரை. ரத்தம் கசியாமல் கழுநீர் மாதிரி நீர் வந்து, விரல் தடையில்லாமல் உள்ளே போனால் உறுதி. சி.கே. (தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் என்சைம்) ஏறியிருந்தால் தசையும் போயிருக்கலாம். உவரி, கூத்தங்குழி பக்கம் கடல் தண்ணி பட்ட புண், அதோடு ஈரல் கெட்டவர்னா விப்ரியோவை (கடல் தண்ணிக் கிருமி) நினைச்சு டாக்சிசைக்ளின் ஆன்டிபயாட்டிக்கும் சேருங்க.

அம்பை ட்யூட்டி டாக்டர்:
யூனிட் டெசிலிட்டர்தான் சார். 108-க்குச் சொல்லியாச்சு. அதுக்குள்ளே என்ன எடுக்கணும்?

வள்ளியூர் லேப் டெக்னீசியன்:
ஆன்டிபயாட்டிக்குக்கு முன்னாடி ரெண்டு இடத்தில் பிளட் கல்ச்சர், பாட்டிலுக்கு 8–10 மி.லி. பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்காதீங்க. ஆனால் கல்ச்சருக்காக மருந்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம். லாக்டேட்டுக்கு (திசுவுக்கு ஆக்சிஜன் போதாதப்போ ரத்தத்தில் ஏறுவது) சாம்பல் மூடி ஃபுளோரைடு டியூப், ஐஸில். கையை இறுக்கி மூடச் சொன்னாலோ பட்டையை வெகுநேரம் கட்டினாலோ பொய்யா ஏறும்.

பாளை சர்ஜன்:
மேல்புண் ஸ்வாப் வேண்டாம், தோலில் இருக்கிற கிருமிதான் வளரும். தியேட்டரில் ஆழத்துத் திசுவை நாங்க எடுப்போம். கல்ச்சர் துண்டு சலைன் சொட்டு விட்ட ஸ்டெரைல் டப்பாவில் போகணும். பார்மலினில் போட்டால் கிருமி செத்துடும், அது பயாப்சிக்கு மட்டும். கிராம் ஸ்டெயின் (சாயமேற்றிக் கிருமியைப் பார்ப்பது) அன்றைக்கே கேட்போம்.

அழுகின திசுவை அறுத்து எடுத்த பிறகு லாக்டேட்டும் வெள்ளையணுவும் இறங்கணும். இறங்கலைன்னா மருந்தை மாத்திட்டு உட்காரக் கூடாது, உள்ளே அழுகல் மிச்சம் இருக்கு. 24 மணிக்குள் திரும்பத் திறக்கணும். சி.ஆர்.பி. மெதுவாத்தான் அசையும், முதல் நாள் அதை நம்பாதீங்க.