மெயின்ஸ்ட்ரீம் என்றால் வெகுசனமா?

கொம்பனித்தெரு குருவி:
தமிழ் நாவல் ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை லண்டன் ஏஜென்டுக்கு, அதாவது எழுத்தாளருக்காகப் பதிப்பகங்களிடம் பேசுறவருக்கு, அனுப்பவேணும். படிவத்தில் லிட்டரரி, மெயின்ஸ்ட்ரீம், கிரைம் என்று தெரிவுகள். மெயின்ஸ்ட்ரீம் எங்கட வெகுசன எழுத்துத்தானே? இடிபடப்போற வீட்டில் இருக்கிற குடும்பம், இடையில் ஒரு கொலை. 92,000 சொற்கள்.

மழைக்கால வாசகன்:
இரண்டும் வேறு. வெகுசனம் எங்களுக்குத் தீவிர இலக்கியத்தின் எதிர்ப்பக்கம். காதல், பேய், துப்பறிதல் எல்லாம் அதுக்குள்ள. அங்கே மெயின்ஸ்ட்ரீம் என்றால் அப்படி எந்தத் தனித்தட்டிலும் அடங்காத, பொது வாசகருக்கான நாவல். நாங்கள் வெகுசனம் என்று தள்ளிவைக்கிற துப்பறியும் கதை அங்கே மெயின்ஸ்ட்ரீமில் சேராது!

கொலையை எடுத்துவிட்டுக் கதையை ஐந்து வரியில் சுருக்குங்கோ. வீடும் குடும்பமும் மிஞ்சினால் மெயின்ஸ்ட்ரீம். கொன்றது யார் என்ற கேள்வி போனதும் கதை படுத்துவிட்டால் கிரைம். மாறிப் போட்டால் கிரைம் தேடுற ஏஜென்டின் மேசைக்கே அது போகாது.

பேனாமுள்:
லிட்டரரி என்பதைத் தரச்சான்றிதழ் என்று நினைத்துப் போடுறதுதான் பெரிய பிழை. சம்பவத்தைவிட மொழியும் வடிவமும் முன்னுக்கு நிற்கிற எழுத்துக்குரிய பெயர் அது. முதல் பத்துப் பக்கமே காட்டிக்கொடுக்கும். "லிட்டரரி மெயின்ஸ்ட்ரீம் த்ரில்லர்" என்று சாம்பாராக்கவும் வேண்டாம். ஒன்று போதும். ஏஜென்டுக்கு எழுதுற கடிதத்தில் அண்மைய ஐந்தாண்டுக்குள் வந்த, உங்கட வாசகரே வாங்கக்கூடிய இரண்டு நாவல்களைச் சொன்னால் எந்த லேபலைவிடவும் தெளிவு.

அந்த 92,000 தமிழிலா ஆங்கிலத்திலா? "வீட்டிலிருந்துதான்" எங்களுக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் மூன்று நாலாகும். ஆங்கிலப் பிரதியை எண்ணுங்கோ. 80,000 முதல் 1,00,000 வரை ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். தமிழில் எண்ணின கணக்கென்றால் ஆங்கிலத்தில் அந்த எல்லையைத் தாண்டியிருக்கும், வெட்டவேண்டி வரும்.

ஏழாம் ஒழுங்கை:
இங்கே தமிழில் போடுறவருக்கு இந்தத் தலையிடி இல்லை. நூலகங்கள் புத்தகங்களுக்கு எண் போடுற டூயி பகுப்பில் தமிழ்ப் புனைகதை எல்லாத்துக்கும் 894.8113தான், பேய்க்கதைக்கும் அதே எண். 1970களில் கொழும்பு வீரகேசரிப் பிரசுரமும் வன்னி மண்ணின் நாவலையும் காதல் கதையையும் ஒரே வரிசையில்தான் விட்டது. பின்னட்டையில் மட்டும் "மெயின்ஸ்ட்ரீம் நாவல்" என்று அடிச்சுப்போடாதேங்கோ. அது ஏஜென்டுக்கும் கடைக்காரருக்கும் இடையில் புழங்குற சொல், வாசகர் தேடி வாங்குற சொல் இல்லை.

கொம்பனித்தெரு குருவி:
எண்ணினது தமிழில்தான். வெட்டுறதென்றால் கொலையிலிருந்தா தொடங்குறது?

மழைக்கால வாசகன்:
முதலில் அந்த ஐந்து வரியை எழுதிப் பாருங்கோ.