1967 பீட்டிலுக்கு எந்த ஒயில்?

கண்டித் தம்பி:
அண்ணாமார், என்னிடம் 1967 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார், 1500 சிசி. நுவரெலியா ஏற்றம் ஏறி நின்றால் ஐட்லில் (என்ஜின் சும்மா ஓடும்போது) ஒயில் பிரஷர் லைட் மினுங்குகிறது. கராஜில் 5டபிள்யூ-30 என்ற மெல்லிய சிந்தெடிக் ஒயில் போடச் சொல்கிறார்கள். சரியா?

பழைய பீட்டில்காரன்:
வேண்டாம் தம்பி. இந்த என்ஜினில் தண்ணீர் இல்லை. காற்றோடு சேர்ந்து சூட்டை இறக்குவது ஒயில்தான், அதுவும் மொத்தமே இரண்டரை லீட்டர். மெல்லிய ஒயில் ஏற்றத்தில் இன்னும் மெலிந்து பிரஷர் விழும். அதைவிடத் தடித்த 20டபிள்யூ-50 மினரல் ஒயில் போடுங்கள். இன்னொன்று, இதில் வால்வுகளைத் திறக்கும் கேமும் அது தள்ளும் டாப்பெட்டும் நேரே உரசும். அதைக் காப்பது ஒயிலிலுள்ள சிங்க், பொஸ்பரஸ். புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கன்வேர்ட்டர் கெடும் என்று புதுக் கார்களின் மெல்லிய ஒயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள்.

கண்டித் தம்பி:
ஃபில்டரும் மாற்றவா?

பழைய பீட்டில்காரன்:
பேப்பர் ஃபில்டரே கிடையாது, அடியில் கம்பி வலை மட்டும். அதனால்தான் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒயில் மாற்றியே ஆக வேண்டும். வலையைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள், இரண்டு காஸ்கெட்டும் புதிதாக இருக்கட்டும். ஆறு சின்ன நட். பலத்தைக் காட்டினால் நட் ஏறும் ஸ்டட் கம்பியே பிடுங்கிக்கொண்டு வரும். வலையில் பளபளவென்று உலோகத் தூள் இருந்தால் பெயரிங் தேய்கிறது. அப்புறம் எந்த ஒயிலும் காப்பாற்றாது.

மட்டக்களப்பு வேன்:
முதலில் பிரஷர் கேஜ் மாட்டி அளந்து பாருங்கள், ஒயில் லைட்டை எரிய வைக்கும் சுவிட்சும் பழுதாகும். என்ஜின் சூட்டில் ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் (நிமிடச் சுற்று) 10 பிஎஸ்ஐ பிரஷர் வந்தால் பயமில்லை. இன்னும் தடித்த ஒயிலுக்குப் போகாதீர்கள்; அது பிரஷர் கூடினால் திறக்கும் ரிலீஃப் வால்வைத் திறந்துகொண்டு, ஒயிலைக் குளிர்விக்கும் கூலருக்குள் போகாமலே சுற்றும்.