கொலுசு குடுக்கறாங்க, ஆப்ல புகார் போக மாட்டேங்குது. அவசரம்

வாசப்படி | 17-02-2022, இரவு 9.40
எங்க வார்டுல சாயங்காலத்துல இருந்து வீடு வீடாக் கொலுசு குடுத்துட்டுப் போறாங்க. போட்டோ எடுத்து இங்கயும் போட்டிருக்கேன். தேர்தல் புகார் ஆப்ல போடலாம்னு பார்த்தா நாலு தடவையும் போகலைங்க. நாளன்னிக்கு உள்ளாட்சித் தேர்தல் ஓட்டு. யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

மொட்டைமாடி | 9.46
எந்த ஊரு? எந்த ஆப்? என்னன்னு காட்டுது? வெறுமனே "போகலை"ன்னா நாங்க ஜோசியமா பாக்கறது?

சிக்னல் சிங்காரம் | 9.48
லொகேஷன் ஆன் பண்ணுங்க. பத்துல ஒன்பது பேருக்கு இதான் பிரச்சினை.

வாசப்படி | 9.55
ஆன்லதாங்க இருக்கு.

சிக்னல் சிங்காரம் | 9.56
அப்ப ஒருக்கா ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க. வெட்டவெளிக்குப் போய் நில்லுங்க.

நாட்டுச்சர்க்கரை | 9.58
கொலுசு என்ன மதிப்பு வரும்? 50,000 ரூபாய்க்கு மேல இருந்தாத்தான் பறக்கும் படை புடிக்கும்னு கேள்விப்பட்டேன்.

விதிமுறை வாத்தியார் | 10.05
தம்பி, அந்த 50,000 ரசீது கணக்கு இல்லாமக் கையில கொண்டு போற ரொக்கத்துக்கு. ஓட்டுக்குக் குடுக்கற லஞ்சத்துக்குக் கீழ்வரம்பு ஏது? 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலப்பவே இங்க பக்கம் பக்கமா எழுதி வெச்சேன். தேடிப் படிக்கற பழக்கம் யாருக்கும் இல்ல. தேர்தல் வந்தா மட்டும் "அவசரம்"னு ஓடி வந்துடறாங்க.

மொட்டைமாடி | 10.07
வாத்தியாரே, அப்புறம் திட்டலாம். அவருக்கு வழி சொல்லுங்க முதல்ல.

வாசப்படி | 10.11
சி-விஜில்ங்க. உங்க பகுதியில இப்ப தேர்தல் இல்லைங்கற மாதிரி வருது. தெரு பூராக் கொடி கட்டியிருக்கு, தேர்தல் இல்லையாம்!

பூத் ஏஜென்ட் பேரன் | 10.19
அண்ணா, ஆப் சரியாத்தான் சொல்லுது. அது டெல்லியில இருக்கற இந்தியத் தேர்தல் ஆணையத்தோட ஆப். எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலுக்கு மட்டுந்தான். உள்ளாட்சித் தேர்தலை நடத்தறது மாநிலத் தேர்தல் ஆணையம், கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல இருக்கே, அவங்க. அரசியல் சட்டத்துலயே ரெண்டும் தனித்தனி. அதனால அந்த ஆப்புக்கு நாளன்னிக்கு நடக்கறது தேர்தலே இல்ல. நீங்க விடிய விடியத் தட்டினாலும் போகாது. இன்னொண்ணு, தேர்தல் இருக்கற காலத்துலயும் அதுல கேலரியில இருந்து போட்டோ ஏத்த முடியாது. அங்கயே நின்னு எடுத்து உடனே அனுப்பணும்.

சிக்னல் சிங்காரம் | 10.22
எனக்குப் போன வருஷம் லொகேஷன் போட்டதும் போச்சே.

பூத் ஏஜென்ட் பேரன் | 10.23
போன வருஷம் நடந்தது சட்டமன்றத் தேர்தல்ணா.

மொட்டைமாடி | 10.26
சரி, இப்ப யாருகிட்டச் சொல்லணும்? மாநகராட்சியா, நகராட்சியா, பேரூராட்சியா? அதை அவர் இன்னும் சொல்லலை.

வாசப்படி | 10.31
மாநகராட்சிங்க. ஊர் பேர் வேண்டாம். ஸ்டேஷனுக்கும் போனேன். எழுதிக் குடுத்துட்டுப் போங்க, நாங்களா எஃப்.ஐ.ஆர். போட முடியாதுன்னுட்டாங்க. அவங்களும் கூட்டுன்னு நினைக்கறேன்.

பூத் ஏஜென்ட் பேரன் | 10.44
கூட்டோ இல்லையோ, அவங்க சொன்னது சட்டப்படி சரி. தேர்தல் லஞ்சம் ஐ.பி.சி. 171-பி, தண்டனை 171-ஈ. ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். ஆனா போலீஸ் தானாக் கையில எடுக்க முடியாத குற்றம், ஜாமீன்லயும் வந்துடலாம். மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கித்தான் விசாரிக்கணும். கள்ள ஓட்டுன்னா அப்படியில்ல, நேரா வழக்குப் போடலாம்.
மாநகராட்சியில கமிஷனர்தான் தேர்தல் நடத்தும் அலுவலர். அவருக்குக் கீழ உங்க வார்டுக்கு உதவி அலுவலர் ஒருத்தர் இருப்பாரு. பறக்கும் படை மூணு ஷிப்டும் ஓடுது. கட்டுப்பாட்டு அறைக்குப் போன் பண்ணி வார்டு எண், தெரு, நேரம் சொல்லுங்க. மாவட்டத்துக்குத் தேர்தல் பார்வையாளர் போட்டிருக்காங்க, அவருக்கும் ஒரு நகல் அனுப்புங்க. எல்லாத்தையும் எழுத்துல குடுத்து, வாங்கினதுக்குக் கையெழுத்து வாங்கிக்குங்க.

கண்ணாடி | 10.52
ஒரு சந்தேகம். போட்டோவைப் போட்டீங்களே, ரோஸ் பேப்பர்ல சுத்தின கொலுசு, கீழ பூப்போட்ட பெட்ஷீட். யாரு வீட்டுக் கட்டில்ங்க அது?

வாசப்படி | 11.10
எங்க வீடுதான். நாங்க கை நீட்டி வாங்கலைங்க. கேட்ல தொங்கற பால் பையில போட்டுட்டுப் போயிட்டாங்க. வீட்ல மூணு ஓட்டு, மூணு ஜோடி.

விதிமுறை வாத்தியார் | 11.14
இதை முதல்லயே சொல்றதில்ல! 171-பி குடுக்கறவனுக்கு மட்டும் இல்ல தம்பி, வாங்கறவனுக்கும்தான். இப்ப நீங்களும் உள்ள.

நாட்டுச்சர்க்கரை | 11.17
பால் பையில போட்டா அது எப்படி வாங்கினதாகும்? நாளைக்கு எவனாவது என் வீட்டு வாசல்ல கஞ்சா வெச்சுட்டுப் போனா?

விதிமுறை வாத்தியார் | 11.19
ராத்திரி 11 மணி வரைக்கும் கட்டில்ல பரப்பி வெச்சுப் போட்டோ எடுத்தா வாங்கினதுதான்.

கண்ணாடி | 11.21
அப்ப நேத்து எங்க தெருவுல பிரியாணி தின்னவங்க அத்தனை பேரும் குற்றவாளியா?

பூத் ஏஜென்ட் பேரன் | 11.25
பிரியாணி, டீ, சரக்கு எல்லாம் "விருந்து" கணக்குல வரும். அதுவும் லஞ்சந்தான். ஆனா 171-ஈ படி அதுக்கு அபராதம் மட்டும், ஜெயில் கிடையாது. கொலுசைத் திங்க முடியாதே, அதான் வில்லங்கம். வாசப்படி அண்ணா, குடுத்தவங்ககிட்டத் திருப்பிக் குடுக்காதீங்க. பறக்கும் படைகிட்ட ஒப்படைச்சு எழுதி வாங்கிக்குங்க. அதான் உங்களுக்குக் காப்பு.

மொட்டைமாடி | 11.30
அது வெள்ளிதானா? போட்டோவுல பளபளப்பு ஒரு மாதிரி இருக்கே.

நாட்டுச்சர்க்கரை | 11.33
கொக்கியைத் தரையில தேய்ச்சுப் பாருங்க. செவப்பாத் தெரிஞ்சா செம்புல முலாம். எங்க சின்னம்மா வீட்ல வந்தது அப்படித்தான்.

கண்ணாடி | 11.34
உங்க சின்னம்மா வீட்டுக்கும் வந்துச்சா? அவங்க புகார் குடுத்தாங்களா?

நாட்டுச்சர்க்கரை | 11.36
தலைப்பை விட்டு வெளிய போகாதீங்க.

சிக்னல் சிங்காரம் | 11.41
பணப்பட்டுவாடான்னு ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை நிறுத்தின மாதிரி இந்த வார்டுத் தேர்தலையே நிறுத்தச் சொல்லணும்.

விதிமுறை வாத்தியார் | 11.48
2017 ஏப்ரல்ல அதை நிறுத்தினது டெல்லி ஆணையம். திரும்பவும் முதல்ல இருந்தா? இங்க ஜெயிச்சவனை இறக்கணும்னா தேர்தல் மனுதான் வழி, அரசியல் சட்டம் 243-இசட்-ஜி. அதுக்கு ஆதாரம் வேணும். தெருவுல ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான். அவன் கட்டில்லயும் ஒரு ஜோடி கிடக்குமில்ல.

மொட்டைமாடி | 11.55
வாத்தியார் இன்னிக்கு ஒரு நல்ல வரி எழுதிட்டாரு.

கண்ணாடி | 18-02-2022, காலை 8.02
வாசப்படி, என்னாச்சுங்க?

பூத் ஏஜென்ட் பேரன் | 18-02-2022, மதியம் 1.15
?

வாசப்படி | 20-02-2022, இரவு 7.28
மன்னிக்கணும், வேலை. 18 காலையில பறக்கும் படை வந்தாங்க. ரெண்டு ஜோடி எடுத்துட்டு, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. பக்கத்து வீடுகள்ல கேட்டதுக்கு எங்களுக்கு எதுவும் வரலைன்னுட்டாங்க. ஓட்டுப் போட்டாச்சு. எல்லாருக்கும் நன்றி.

சிக்னல் சிங்காரம் | 7.40
லொகேஷன் சரியாயிடுச்சா?

கண்ணாடி | 7.44
மூணு ஜோடின்னு சொன்னீங்களே?